மலையேறத் தடை பேட்டரி அல்ல

போடிநாயக்கனூரில் மின்வண்டிப் பேச்சை எடுத்தால் உடனே வந்துவிழும் பதில் ஒன்று உண்டு: "கீழே ஓட்ட நல்லாத்தான் இருக்கும், மெட்டு ஏறாது." கார் வாங்க யோசிப்பவரும் இதைத்தான் சொல்கிறார், வாடகை வண்டி ஓட்டுபவரும் இதைத்தான் சொல்கிறார், ஏலத்தோட்டங்களுக்கு விடிகாலையில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்காரரும் இதைத்தான் சொல்கிறார். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு மருந்தும் சொல்வார்கள்: "பேட்டரியைப் பெரிசாப் போட்டாத்தான் மலைக்கு ஆகும்." வண்டி நிறுவனங்களின் விளம்பரம், அரசு மானியம், யூடியூப் விமர்சனம் எல்லாமே இந்த மருந்தைத்தான் விற்கின்றன. நோயையும் தப்பாகக் கண்டுபிடித்து, மருந்தையும் தப்பாகக் கொடுக்கும் கருத்து இது.

போடிமெட்டுப் பாதையையே எடுத்துக்கொள்வோம். போடியிலிருந்து மலை உச்சியிலுள்ள மெட்டு வரை சுமார் 25 கிலோமீட்டர். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் பிடிக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். அடியிலிருந்து உச்சிக்கு உயர வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். 2020 ஜனவரியில் வந்த முதல் நெக்ஸான் மின்காரின் எடை 1,400 கிலோ. நான்கு பேர் ஏறினால் 1,700 என்று வைத்துக்கொள்ளலாம். 1,700 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? பள்ளிக்கூடக் கணக்குதான்: 4.6 யூனிட். டயர் உருளும் இழப்பு, மோட்டார், கியர் எல்லாம் சேர்த்தால் ஏழு, எட்டு யூனிட் வரும். அந்தக் காரின் பேட்டரி 30.2 யூனிட். ஆக, நிறை சார்ஜில் கிளம்பினால் மெட்டில் நிற்கும்போது முக்கால்வாசி மிச்சம் இருக்கும்.

"சார்ஜ் இருக்கலாம், இழுக்கச் சக்தி வேண்டுமே" என்பார்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் இந்தச் சாலையை ஏறுவதற்கு சக்கரத்தில் தேவைப்படுவது சராசரியாக ஒன்பது கிலோவாட்டுக்கும் குறைவு. அந்த மோட்டார் தரக்கூடியது 95 கிலோவாட். பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை.

கணக்கு காகிதத்தோடு போகட்டும், சாலையில் நடந்ததைப் பார்ப்போம். 2017-இல் இமாசலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் மணாலியிலிருந்து ரோதங் கணவாய்க்கு மின்பேருந்து விட்டது. மணாலி சுமார் 2,050 மீட்டரில் இருக்கிறது. ரோதங் 3,978 மீட்டரில். இரண்டு போடிமெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதற்குக் கொஞ்சம்தான் குறைவு. 2022 செப்டம்பர் இறுதியில் திருப்பதியிலிருந்து திருமலைக்கு மின்பேருந்துகள் ஏறத் தொடங்கின. கூட்டம் நிரம்பி வழியும் பாதை அது. மின்வண்டி மலையேறுமா என்ற கேள்விக்கு இந்தியச் சாலைகளே பதில் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இறக்கம்தான் இந்த விவாதத்தில் யாருமே எடுக்காத பாதி. ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும். 15 டன் எடையுள்ள டீசல் பேருந்து மெட்டிலிருந்து போடிக்கு இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் 41 யூனிட். தமிழக அரசு ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குத் தரும் இலவச மின்சாரம் 100 யூனிட். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சமமான ஆற்றல் ஒரே இறக்கத்தில், பெரும்பாலும் பிரேக்கிலும் எஞ்சினிலும், சூடாகிக் காற்றில் கலக்கிறது. மலையடிவாரத்தில் நின்றால் கருகிய பிரேக் வாடையாக அது மூக்கில் ஏறும்.

மின்வண்டியில் அதே மோட்டார் இறக்கத்தில் மின்னாக்கியாக மாறுகிறது. நெக்ஸான் கணக்கைத் தொடர்ந்தால், உருளும் இழப்புக்கும் காற்றுக்கும் போக, நல்ல கருவி இருந்தால் இரண்டு முதல் இரண்டரை யூனிட் வரை பேட்டரிக்குத் திரும்பும். போய்வர 50 கிலோமீட்டருக்கு நிகரச் செலவு ஐந்தரை யூனிட் அளவில் நிற்கும். தேனி சமவெளியில் அதே தூரத்தை 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினாலும் இதைவிடக் குறைவாக ஆகாது. சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கொமாட்சு லாரி ஒன்றை மின்வண்டியாக மாற்றினார்கள். காலியாக மேலே போய், 60 டன்னுக்கு மேல் கல்லோடு கீழே வரும் வண்டி அது. இறக்கத்தில் பெறும் மின்சாரமே அடுத்த ஏற்றத்துக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. மலை மின்வண்டிக்கு விரோதி அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அப்படியானால் போடிக்காரர்களின் அனுபவம் பொய்யா? பொய் இல்லை. மின் ஸ்கூட்டர் ஏழாவது வளைவில் முணுமுணுத்து நின்றதும் உண்மை. கார் டேஷ்போர்டில் திடீரென்று, சக்தி குறைக்கப்பட்டதைக் காட்டும் ஆமைப் படம் எரிந்ததும் உண்மை. அவர்கள் கண்டதில் பிழையில்லை. அதற்குக் காரணம் பேட்டரிதான் என்று சொல்லிக்கொடுத்தவர்கள்தான் பிழை செய்தார்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு அலுமினியப் பெட்டி இருக்கிறது. காரில் அதை இன்வெர்ட்டர் என்பார்கள், ஸ்கூட்டர் மெக்கானிக் கன்ட்ரோலர் என்பார். பொதுப்பெயர் பவர் கன்வெர்ட்டர். பேட்டரி தருவது டி.சி.; மோட்டார் கேட்பது மும்முனை ஏ.சி. ஒன்றை மற்றொன்றாக்குவது இந்தப் பெட்டியின் வேலை. உள்ளே ஆறு மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன.

ஒரு கொண்டை ஊசி வளைவில் என்ன நடக்கிறது என்று நெருங்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். எதிரே கேரளப் பேருந்து முழு வளைவையும் அடைத்துக்கொண்டு இறங்குகிறது. கீழிருந்து வருகிற வண்டிகள் ஏற்றத்தில் அப்படியே நிற்க வேண்டும். மலைப்பாதை ஓட்டுநர்களுக்குப் பழகிய வித்தை, வண்டியை அரை கிளட்சில் பிடித்து நிறுத்துவது. மின்வண்டிக்கு மாறிய பிறகும் கால் பழக்கம் போகாது; ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கிறார். மோட்டார் சுழலவில்லை, ஆனால் முறுக்குவிசை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சுழலும் மோட்டாரில் மின்னோட்டம் மூன்று முனைகளுக்கும் மாறி மாறிப் போகும். சூட்டை ஆறு சுவிட்சுகளும் பங்கு போட்டுக்கொள்ளும். நின்றுபோன மோட்டாரில் மாற்றம் கிடையாது. ஒரு முனையிலேயே உச்ச மின்னோட்டம் தேங்கி நிற்கும். சில்லு அளவு விரல்நகம்தான், முழுச் சூடும் அதன்மேல் விழும். சில நொடிகளில் அதன் வெப்பம் அபாய எல்லையைத் தொடும். கன்வெர்ட்டரில் உள்ள கட்டுப்பாட்டு நிரல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும். பேருந்து கடந்து போனதும் ஓட்டுநர் மிதிக்கிறார், வண்டி இழுக்கவில்லை. பேட்டரியில் அப்போது 70 சதவீதம் இருந்திருக்கலாம். ஓட்டுநர் பார்ப்பது "இழுக்கல" என்பதை மட்டும். ஊருக்குள் வந்து அவர் சொல்வது "பேட்டரி பத்தல."

இந்த நொடியைப் பெரிய பேட்டரி காப்பாற்றாது. தொட்டியை இரண்டு மடங்காக்கினால் குழாய் அகலமாகிவிடாது. இங்கே உதவுவது, சுவிட்சின் அடியில் சூட்டை உடனே உறிஞ்சும் தடித்த செப்புத்தகடு, ஒழுங்காக ஓடும் குளிர்நீர், நின்ற மோட்டாரை அடையாளம் கண்டு தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் மென்பொருள். மூன்றுமே கன்வெர்ட்டர் வடிவமைப்பாளரின் மேசையில் தீர்மானமாகிறவை.

மின்பொறியாளர்களிடமிருந்தே வரும் எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். "கன்வெர்ட்டர் எல்லாம் தீர்ந்துபோன விஷயம். 97, 98 சதவீதத் திறன் வந்தாச்சு. மிச்சம் இரண்டு மூன்று சதவீதத்தைத் துரத்தி என்ன லாபம்? காசைப் பேட்டரியில் போடு." படித்தவர்கள் சொல்வதால் இதற்கு மதிப்பு அதிகம்.

98 என்பது உச்ச எண். குறிப்பிட்ட வேகத்தில், குறிப்பிட்ட சுமையில், ஆய்வக மேசையில் கிடைப்பது. மெட்டுப் பாதையில் வண்டி ஓடுவது 95 கிலோவாட்டில் ஒன்பது கிலோவாட் என்ற அடிமட்டத்தில். வழக்கமான சிலிக்கான் ஐ.ஜி.பி.டி. சுவிட்சில் மின்னோட்டம் எவ்வளவு சிறிதானாலும் ஒரு வோல்ட்டை ஒட்டிய இழப்பு குறையாமல் நிற்கும். சுமை குறையக் குறைய அந்த நிலையான இழப்பு பெரிய பங்காகத் தெரியும். சிலிக்கான் கார்பைடு சுவிட்சு வெறும் மின்தடை போல நடந்துகொள்வதால் சிறு மின்னோட்டத்தில் இழப்பும் சிறிதாகிவிடும். டெஸ்லா 2017-இல் தொடங்கிய மாடல் 3 காரில் அதைப் பெரிய அளவில் பயன்படுத்தியதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம்.

மலையில் இந்த வித்தியாசம் ஒருமுறை அல்ல, இருமுறை வெட்டும். ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை அதே பெட்டி வழியாகத்தான் ஆற்றல் போய்வருகிறது. ஒருவழித் திறன் 98 என்றால் போய்வந்த பிறகு 96 மிஞ்சும். 93 என்றால் மிஞ்சுவது 86 சொச்சம். நூற்றுக்குப் பத்து, கன்வெர்ட்டரில் மட்டும். சமவெளியில் ஓடும் வண்டிக்கு இது சில்லறை. தினமும் மெட்டு ஏறி இறங்கும் வண்டிக்கு இது முதல்.

இறக்கத்தில் திரும்பும் மின்சாரமும் தானாக வருவதில்லை. மெதுவாகச் சுழலும் மோட்டார் உண்டாக்கும் மின்னழுத்தம் அறுபது, எழுபது வோல்ட்தான் இருக்கும்; எதிரே பேட்டரி 300 வோல்ட்டில் நிற்கிறது. தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்கு மின்னோட்டம் பாயாது. அதனால் கன்வெர்ட்டர் மோட்டார்ச் சுருளிலேயே கணநேரம் மின்னோட்டத்தைத் தேக்கி, சுவிட்சைத் திறந்து, எகிறும் அழுத்தத்தில் அதைப் பேட்டரிக்குள் தள்ளுகிறது. இதைச் சீராகச் செய்ய மோட்டாரின் அச்சு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். மலிவான ஸ்கூட்டர் கன்ட்ரோலர்கள் பலவற்றில் இந்தத் திரும்புவழி செயல்படுவதே இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. அந்த ஸ்கூட்டரில் மெட்டிலிருந்து இறங்குகிறவர் ஏறும்போது செலவழித்ததை பிரேக் ரப்பரில் தேய்த்து அழிக்கிறார். அவருக்கு இரண்டு மடங்கு பேட்டரி கொடுத்தாலும் அதே கதைதான்.

கன்வெர்ட்டர் தீர்ந்துபோன விஷயம் என்பவர்கள் உலகின் மிகப் பெரிய வண்டி நிறுவனங்களின் வரலாற்றைப் பார்க்கட்டும். 2014 பிப்ரவரியில் டொயோட்டா 19 லட்சம் பிரியஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அந்தக் காரில் 201.6 வோல்ட் பேட்டரியின் அழுத்தத்தை 650 வோல்ட் வரை உயர்த்தும் ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. மோட்டார் அதிகச் சுமை கேட்கும் நேரங்களில் அதன் டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகிச் சேதமடையலாம், வண்டி ஓட்டத்திலேயே நின்றுபோகலாம் என்பதுதான் குறை. பேட்டரியில் கோளாறு இல்லை. பிரியஸ் அதற்குள் பதினைந்து ஆண்டுக்கு மேல் அனுபவம் கொண்ட வண்டி.

இந்தியாவிலேயே நடந்தது இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2024 ஜூனில் ஹூண்டாய் 1,744 அயானிக் 5 கார்களையும், அடுத்த மாதம் கியா 1,138 இ.வி.6 கார்களையும் திரும்ப அழைத்தன. பேட்டரியைச் சார்ஜ் செய்வதையும், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் இறக்குவதையும் ஒரே பெட்டியில் செய்யும் கன்வெர்ட்டரில் குறை. அது கெட்டால் 12 வோல்ட் பேட்டரி மெல்ல வடிந்து, கடைசியில் கார் ஓடுவதை நிறுத்திவிடும். அயானிக் காரின் பெரிய பேட்டரி 72.6 யூனிட், போடியிலிருந்து மெட்டுக்கு எட்டு, ஒன்பது தடவை ஏறப் போதும். அவ்வளவையும் சுமந்துகொண்டு ஒரு கார் சாலையோரம் நிற்கலாம் என்றால், மலைக்காரர் முதலில் கேட்க வேண்டியது எந்தப் பெட்டியைப் பற்றி?

பெரிய பேட்டரிக்காரர்கள் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்ல முடியாது. பேட்டரி பெரிதானால் அதே சக்தியை நோகாமல் தரும், ஆயுள் கூடும். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை அடைபட்டால் கையிருப்பு இருப்பது நல்லது. சார்ஜ் குறைந்த நேரத்தில் ஏற்றத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் சரிவதும் குறையும். இவை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியவை. ஆனால் மெட்டுப் பாதைக்குத் தேவைப்படுவதைப்போல நான்கு மடங்கு ஏற்கெனவே கார்களில் இருக்கிறது. அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு யூனிட்டும் விலையில் ஏறுகிறது, எடையில் ஏறுகிறது, சார்ஜ் நேரத்தில் ஏறுகிறது. அந்தப் பணத்தில் சிறு பங்கு நடுப்பெட்டிக்குப் போயிருந்தால் வளைவில் நின்ற வண்டிகள் நின்றிருக்காது.

பணம் ஏன் அங்கே போகவில்லை என்பதற்கு அரசுக் கொள்கையும் பொறுப்பு. 2019 ஏப்ரலில் தொடங்கிய மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் இருசக்கர மின்வண்டிக்கு மானியம் பேட்டரியின் யூனிட் கணக்கில் தரப்பட்டது: யூனிட்டுக்கு 10,000 ரூபாய், 2021 ஜூனில் அது 15,000 ஆனது. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டமும் தொகையைக் குறைத்ததே தவிர அளவுகோலை மாற்றவில்லை. முதலில் யூனிட்டுக்கு 5,000, பிறகு 2,500. கிலோமீட்டருக்கு இவ்வளவுக்கு மேல் மின்சாரம் உண்ணக்கூடாது என்ற தகுதி விதி இருந்தது உண்மைதான். அந்தச் சோதனை நடப்பது உருளை மேல், மேடு பள்ளமே இல்லாத ஓட்டச் சுழற்சியில். ஏற்றத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், இறக்கத்தில் எவ்வளவு திருப்பித் தரும் என்பதற்கு மானியத்தில் ஒரு பைசா மதிப்பு கிடையாது. அரசே பேட்டரியை அளந்து காசு கொடுத்தால் நிறுவனங்கள் பேட்டரியைத்தானே பெரிதாக்கும்?

போடிமெட்டு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. ஏப்ரலில் போடியில் வெயில் கொளுத்தும்போது கிளம்பும் வண்டி, முக்கால் மணி நேரத்தில் ஏலக்காய்க் காட்டுப் பனிமூட்டத்துக்குள் நுழைகிறது. சூடேறிய அலுமினியப் பெட்டி சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஈரக் காற்றை இழுக்கும். மின்பலகையில் நீர் பூக்கும். 300 வோல்ட் ஓடும் பலகையில் ஒரு துளி ஈரமும் ஆபத்து. பெட்டியின் ரப்பர் முத்திரை, மூச்சுவிடும் சவ்வு, பலகைமேல் பூசும் காப்புப் பூச்சு எல்லாம் இந்தச் சாலையை மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியவை. தினமும் சூடாகிக் குளிரும் சுழற்சியில் சுவிட்சு சில்லுகளை இணைக்கும் மெல்லிய கம்பிகளும் பற்றாசும் தளர்ந்துபோகும். சமவெளி வண்டிக்குப் பல ஆண்டுகளில் வரும் தேய்மானம் மலை வண்டிக்குச் சீக்கிரமே வந்துவிடும்.

சார்ஜரும் ஒரு கன்வெர்ட்டர்தான். மலைக் கிராமங்களில் மாலை நேரத்தில் 230 வோல்ட் வரவேண்டிய பிளக்கில் 180 வருவது புதிதல்ல. 3.3 கிலோவாட் சார்ஜர் அந்த அழுத்தத்தில் முழுச் சக்தி இழுக்கப் பார்த்தால் மின்னோட்டம் 18 ஆம்பியரைத் தாண்டும். 15 ஆம்பியர் பிளக் தாங்காது. நன்றாக வடிவமைத்த சார்ஜர் தன் பசியைக் குறைத்துக்கொண்டு விடிய விடிய ஏற்றும். சமவெளி மின்சாரத்தை மட்டும் நினைத்துச் செய்தது அணைந்துவிடும். காலையில் எழுந்து பார்ப்பவருக்குப் பேட்டரி காலியாக இருக்கும். பழி மறுபடியும் பேட்டரிமேல்.

மேலே குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கினால் திரும்பும் மின்சாரத்துக்கு இடமிருக்காது, கன்வெர்ட்டர் அதைத் தடுத்துவிடும், வண்டி எதிர்பாராமல் விரையும், முழுச் சுமையும் பிரேக்குக்குப் போகும். 80 சதவீதத்தில் நிறுத்துவது போதும்.

இதெல்லாம் யாருக்காக? ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். காலையில் பன்னிரண்டு பேரோடு ஏறும், பகல் முழுக்கத் தோட்டத்தில் நிற்கும், மாலையில் அதே பன்னிரண்டு பேரோடு இறங்கும். மின்வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஓட்டம் தமிழ்நாட்டில் அரிது. மெட்டு வரை ஏற 11 யூனிட் அளவில் ஆகும், மெட்டைத் தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போக இன்னும் இரண்டு மூன்று. பகலில் எட்டு மணி நேரம் சாதாரண பிளக்கில் நின்றால் செலவழித்தது எல்லாம் ஏறிவிடும். இறக்கத்தில் இன்னும் மூன்று யூனிட் வரும் என்பதால் கொஞ்சம் இடம்விட்டே நிறுத்தலாம். 25 யூனிட் பேட்டரி தாராளம். அந்த ஜீப்பைச் செய்பவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது, வளைவில் முழுச் சுமையோடு நின்று கிளம்பும்போது சுவிட்சு தாங்குமா, இருபது கிலோமீட்டர் இறக்கம் முழுக்க விடாமல் மின்சாரம் திருப்பித் தருமா என்பதைப் பற்றி.

இதைச் சோதிக்க வெளிநாடு போக வேண்டாம். போடிநாயக்கனூரில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஊரின் விளிம்பில் மலை இருக்கிறது. மாநில அரசு மின்வண்டிகளுக்கு ஒரு மலைப்பாதைச் சான்று வேண்டும் என்று விதித்து, முந்தலிலிருந்து மெட்டு வரையுள்ள சாலையையே அதற்குச் சோதனைத்தடமாக அறிவிக்கலாம். முழுச் சுமையோடு இரண்டு ஓட்டம்: ஒன்று மே மாத நண்பகலில், மற்றொன்று நவம்பர் மூடுபனியில். ஏதாவது இரண்டு வளைவில் பத்து நிமிடம் நின்று நின்று கிளம்ப வேண்டும். சுவிட்சு தொட்ட உச்ச வெப்பம், குறைந்த இழுவை எத்தனை நொடி நீடித்தது, இறக்கத்தில் பேட்டரிக்குத் திரும்பிய யூனிட் ஆகிய மூன்று எண்களையும் பேட்டரி அளவுக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஷோரூமில் வண்டியோடு ஒட்ட வேண்டும்.